தப்புச்சால்

ஐப்பசி முதல் மழை பெய்து வெறித்த விடியலில், கொழிஞ்சிபட்டிக்குக் கிழக்கே ஓடுகிற நாலுவழிச் சாலையில் தாரைத் துளைத்துக்கொண்டு ஒரு சால் சோளம் முளைத்து நின்றதை முதலில் பார்த்தவர் டீக்கடை மாடக்கண்ணு. பார்த்ததும் அவர் செய்த ஒரே காரியம், அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டதுதான். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"ஏ, எல்லாரும் ஓடியாங்கய்யா! ரோட்டுல வெள்ளாம வந்துருக்கு!"

ஊர் திரண்டு வந்து சாலையோரம் நின்று பார்த்தது. சாலையின் இந்த ஓரத்து வாய்க்காலில் தொடங்கி, தாருக்குக் குறுக்கே சாய்வாக நடந்து, நடுவில் அரளிச்செடி வைத்திருக்கும் திட்டில் ஏறி இறங்கி, அந்தப் பக்கத்துத் தாரையும் கடந்து, அடுத்த ஓரத்து முள்ளுக்காட்டில் போய் முடிகிற ஒரே ஒரு வரிசை, நூல் பிடித்து வைத்தாற்போல, ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. தாரில் ஒரு விரிசல் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரி பூராவும் அதன்மேல்தான் ஓடியிருக்கின்றன, இப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. சக்கரம் ஏறி இறங்கியதும் பயிர் தலையைச் சிலுப்பிக்கொண்டு மறுபடி நிமிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தருக்காவது இமை தட்டவில்லை. கைப்பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு ரோட்டையே பார்த்தன.

சாலைப் பராமரிப்புக் கம்பெனியின் சூப்பர்வைசர் தினகர் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்து அடியோடு அறுத்துப்போட்டான். மறுநாள் விடியலில் பயிர் முந்தின நாளைவிட நாலு விரற்கடை கூடுதலாக நின்றது. களைக்கொல்லி அடித்தான், நடுத்திட்டில் இருந்த அரளியெல்லாம் வெந்து கருகிப்போக, சோளம் மட்டும் தோகை விரித்தது. அதற்குமேல் அவன் என்ன செய்வான், படித்த பிள்ளை, வேலையும் வேண்டும். தலைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, வண்டிகளைப் பக்கத்துச் சாலை வழியாகத் திருப்பிவிட்டான். காரணம் கேட்ட மேலதிகாரியிடம் போனில், "பள்ளம் சார்" என்று சொல்லிவிட்டு, சோளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஊருக்கு வயதில் மூத்தவரான கோட்டைச்சாமி மட்டும் குனிந்து ஒரு தோகையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மென்றவர் முகம் மாறியது.

"இருங்குச் சோளம்லே இது. இதெ வெதச்சு எந்தக் காலம் ஆச்சு. இந்த எடத்துல கடேசியா இருங்கு வெதச்சவன் குருவையா."

 அந்தப் பேரைக் கேட்டதும் எல்லாத் தலைகளும் ஒன்றுபோலப் பின்னால் திரும்பின. அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்ற சீனியம்மாள், அத்தனை பேர் பார்வையும் ஒரே நேரத்தில் தன்மேல் விழுந்ததில் குடத்தை இடுப்பில் வைத்திருக்கிறோம் என்பதையே மறந்து கையை எடுத்துவிட்டாள். பிளாஸ்டிக் குடம் தாரில் விழுந்து உருண்டு, சோளத்தின் காலடியில் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்றது.

அவளைப் பார்த்து ஊர் ஏன் அப்படித் திரும்பியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், முதலில் கொர்ரு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் டிராக்டர் வராத காலத்தில் விதைத்தது அதை வைத்துத்தான். ஒரு குறுக்குக் கட்டை, அதில் நாலு மரப்பற்கள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மண்ணைக் கீற ஓர் இரும்புக் கொழு, ஒவ்வொரு பல்லுக்குப் பின்னாலும் ஒரு மூங்கில் குழல். நாலு குழலும் மேலே வந்து கூடி, ஒரு மரக்கிண்ணத்தின் அடியில் இருக்கும் நாலு ஓட்டைகளில் சேரும். காளைகள் இழுக்க, ஆண்பிள்ளை ஓட்டிக்கொண்டு போவான். பின்னாலேயே ஒரு பெண்பிள்ளை, மடி நிறைய விதையும் கிண்ணத்துக்கு மேல் பிடித்த முஷ்டியுமாக, விரல்களை இறுக்கியும் தளர்த்தியும் நாலு ஓட்டைக்கும் ஒன்றுபோல விதையைச் சொரிந்துகொண்டே, காளையின் நடைக்குத் தன் நடையை ஒப்புக்கொடுத்து, இந்த வரப்புப் பொழியிலிருந்து அந்தப் பொழிக்கும் அந்தப் பொழியிலிருந்து இந்தப் பொழிக்குமாகப் பொழுது சாய நடப்பாள். ஒருதரம் போனால் நாலு சால். விதை கூடினால் பயிர் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும், குறைந்தால் சோகையாக வரும். நாலு ஓட்டையில் ஒன்று பட்டினி கிடந்தாலோ, அந்தச் சால் நெடுகிலும் ஒன்றும் முளைக்காது.

அப்படி வெறும் மண்ணாகக் கிடந்துபோன சாலுக்குத்தான் தப்புச்சால் என்று பேர். எந்த வீட்டுப் புஞ்சையில் தப்புச்சால் விழுந்ததோ அந்த வீட்டில், கதிர் களத்துக்கு வருவதற்குள் ஓர் ஆள் போய்விடும் என்பது கொழிஞ்சிபட்டியின் தீர்மானம். வெறும் சால் ஆள் கேட்குமாம். போகாத வருசங்களும் இருந்திருக்கும், ஆனால் அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பழியும் ஒரே இடத்தில்தான் விழும். காளையை ஓட்டியவன்மேல் இல்லை, குழலைச் செதுக்கிய தச்சன்மேலும் இல்லை. விதை போட்டவள் கைமேல்தான்.

குருவையாவின் புஞ்சையில் எப்போதும் விதை போடுகிறவள் அவர் பெண்சாதி வெயிலுகந்தாள். அந்த ஒரு விதைப்பன்று அவளுக்கு விதையைத் தொடக்கூடாத நாளாகப் போய்விட்டது. மழை ஈரம் காத்திருக்காதே. அதனால் தாவணி போட்ட அவள் தங்கச்சி சீனியம்மாள் மடியைக் கட்டிக்கொண்டு கொர்ருக்குப் பின்னால் நடந்தாள். மச்சான் காளைகளோடு பேசிக்கொண்டும், திரும்பித் திரும்பிக் கொழுந்தியாளைக் கேலி பண்ணிக்கொண்டும் ஓட்டினார். பயிர் முளைத்துப் பார்த்தால், வடக்குப் பொழியிலிருந்து மூன்றாம் நடையில், இரண்டாம் குழல் போன சால் மொட்டை. ஊரே பொழியில் வரிசையாக நின்று, சாவு வீட்டுக்கு வந்ததுபோல அதைப் பார்த்துவிட்டுப் போனது. குருவையா மட்டும் சிரித்தார். "ஒரு சால் போனா என்னத்தா, நடுவுல நடந்துபோக வழியாச்சு" என்று சீனியம்மாள் தலையில் தட்டினார். கதிர் பால் பிடிக்கும்போது காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து சீனியம்மாள் கை படுகிற விதையை யாரும் மண்ணில் போட்டதில்லை. அவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், வந்த வழியிலேயே விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். ஐப்பசியில் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடும்போது அந்தத் தெருப் பக்கம் வராமல் இருப்பது அவளாகவே கற்றுக்கொண்ட மரியாதை. அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பன் வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கச்சி. தண்ணீர் லாரி வந்தால் வெயிலுகந்தாள் தன் வீட்டுக் கோழியைப் பார்த்து, "ஏ கோழி, தண்ணி வந்துருச்சு, காதுல விழுகுதா" என்பாள். சீனியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அத்தனை வருசமாகக் கோழிகள்தான் மாறிக்கொண்டிருந்தன.

அக்காவைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வராது. ஏனென்றால் அவளுக்கே தெரியாது. மூன்றாம் நடையில் மச்சான் எதையோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்பில் விரல் இறுகிப்போயிற்றா, விதை விழுந்ததா, விழவில்லையா? படுத்தால் அந்தக் கேள்விதான், எழுந்தால் அந்தக் கேள்விதான். தன் வலது கையைத் தானே நம்பாமல் ஒரு மனுஷி காலம் தள்ளினாள் என்றால், அது எவ்வளவு பெரிய கொடுமை!

இப்போது கதைக்கு வருவோம். ரோட்டில் நிற்கிற சால் அந்தச் சால்தானா என்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். சாலை போட நிலம் எடுத்தபோது பொழியெல்லாம் அழிந்து, வடக்குப் பொழியின் மூலைக்கல் ஒன்று மட்டும் வாய்க்கால் ஓரத்தில் தப்பிக் கிடந்தது. கல்லிலிருந்து அளக்கலாம். ஆனால் எதை வைத்து அளப்பது? சாலுக்கும் சாலுக்கும் இடைவெளி ஒரு முழம் என்றார் ஒருவர். முழமா, யார் கை முழம் என்றார் இன்னொருவர். கொர்ருக்கு மூணு பல் என்று மாடக்கண்ணு சத்தியம் பண்ண, ஆமாம், உன் வாயில் இருக்கிற மாதிரி என்று கோட்டைச்சாமி அடக்கினார். பெண்பிள்ளைகள் கூடிக்கூடி நின்று, விதை எப்படிப் போட்டோம் என்று வெறும் முஷ்டியைக் காற்றில் நீட்டி விரலை அசைத்து அசைத்துப் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மடியில் ஒன்றும் இல்லாமலே கை தன்பாட்டுக்குச் சொரிந்துகொண்டிருந்தது. தள்ளி நின்ற சீனியம்மாள் தன் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஊரில் மிச்சமிருந்த ஒரே கொர்ரு, குருவையா வீட்டுக் கொர்ருதான். அது பைபாஸ் ஓட்டலில், வாழை இலைச் சாப்பாடு போடுகிற ஹாலின் சுவரில், பற்களுக்கு ஒன்றாக நாலு மஞ்சள் பல்பு மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல்காரர் முதலில் கொடுக்க மாட்டேன் என்றார். விஷயத்தைக் கேட்டதும், சாலுக்குப் பக்கத்தில் தன் ஓட்டல் பேர் போட்ட பேனரை வைத்துக்கொள்ள விட்டால் தருகிறேன் என்றார். பல்பைக் கழற்றி, நூலாம்படையைத் துடைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் தானாக வழிவிட்டது.

மூலைக்கல்லை ஒட்டி முதல் பல்லை வைத்தார்கள். முதல் நடை. தூக்கி அடுத்து வைத்தார்கள். இரண்டாம் நடை. கோட்டைச்சாமி கையைக் காட்ட, மூன்றாம் முறை தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் குழலின் கொழு, தாரில் நின்ற முதல் சோளத்தின் வேரடியில், மயிரிழை பிசகாமல் போய் உட்கார்ந்தது.

"ஆத்தாடீ!" என்று கத்தியது யார் என்று தெரியவில்லை. எல்லாரும்தான் கத்தியிருப்பார்கள். கொர்ரைப் பிடித்திருந்தவர்கள் நெருப்பைத் தொட்டதுபோல உதறிவிட்டுப் பின்வாங்கினார்கள்.  சீனியம்மாள் நடுரோட்டில், லாரி ஓடின தாரில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். விதை விழுந்திருக்கிறது. அவள் கை போட்டிருக்கிறது. அத்தனை வருசமும் விதை மண்ணுக்குள்தான் இருந்திருக்கிறது! அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சில் யாரோ ஓங்கி உதைத்தது போலிருந்தது.

கொழிஞ்சிபட்டி ஓர் அதிசயத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும்? வாரம் திரும்புவதற்குள் சாலுக்கு மஞ்சள் துணி கட்டியாயிற்று. லாரி டிரைவர்கள் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போனார்கள். தினகர் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுத்தான் கூம்புகளைச் சரிபண்ணினான். அதைவிடப் பெரிய அதிசயம் சீனியம்மாள் வீட்டு வாசலில் நடந்தது. முளைப்பாரிக்கு நவதானியம் ஊறவைத்த கிண்ணத்தோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"சீனிக்கா, ஒங்க கையால ஒரு பிடி போட்டுத் தாங்க. தாரையே பொளந்துக்கிட்டு வந்த கையாச்சே."

கேட்டவள் யார் தெரியுமா? தன் மகள் சடங்கில் சீனியம்மாள் வாசலை மிதித்ததற்கு வீட்டைக் கழுவிவிட்டவள். சீனியம்மாள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.  இவ்வளவு சுலபமா என்று திகைப்பாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டாள். ஊரெல்லாம் வந்துவிட்டது, அந்தப் பக்கத்து ஆள் மட்டும் வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒருத்திதான்.

மறுநாள் வெயிலுகந்தாள் கதவு திறந்தது. வெளியே வந்தவளைப் பார்த்து, தெருவில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஆள் தீக்குச்சி விரலைச் சுடும் வரை அப்படியே நின்றான். அரக்கு நிறப் புடவை. தலையில் கனகாம்பரம். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தாலி அறுத்து ஒரு தலைமுறையான பெண்பிள்ளை, நரைத்த தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, தெரு நடுவே நடந்து, நேராக மாடக்கண்ணு கடைக்கு வந்து கோட்டைச்சாமி முன்னால் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். சால் தப்புனதுனாலதான எம் புருசன் போனாக?"

"ஆமாத்தா. ஊரறிஞ்சதுதான்."

"இப்பத்தான் சால் வந்துருச்சுல்ல. தப்பலன்னு அளந்து பாத்து நீங்களே சொல்லிட்டீகள்ல. அப்ப அவுகளத் திருப்பித் தரணுமா இல்லையா?"

 கோட்டைச்சாமி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். தப்புச்சால் ஆள் கொள்ளும் என்று சொன்ன அதே வாயால், வந்த சால் ஆளைத் தராது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முதலில் சொன்னதும் பொய்யாகிவிடுமே.

"தரணுந்தான்" என்றார் கடைசியில், யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்ததுபோல.

"கதிர் அறுப்புக்குள்ள வரட்டும். அதுவரைக்கும் நான் இப்பிடித்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ வாங்கி, எல்லார் முன்னாலும் ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனாள்.

முதலில் ஊர் பதறியது. அப்புறம், கொழிஞ்சிபட்டி அல்லவா, காத்திருக்கத் தொடங்கியது. குருவையா போன வயதில் வருவாரா, இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயதில் வருவாரா என்று டீக்கடையில் இரண்டு கட்சி. ரேஷன் கார்டில் அடித்த பேரை மறுபடி ஏற்ற யாரைப் பார்ப்பது என்று ஒரு யோசனை. நாவிதர் புதுக் கத்தி வாங்கி வைத்தார். குருவையாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சி, ஒரு கிண்ணம் எடுத்துவைத்தார்கள். கிழக்கே போகிற பஸ் நின்றால் போதும், இறங்குகிற ஆளின் காலைத்தான் முதலில் பார்த்தார்கள். குருவையாவுக்கு வலது காலில் பெருவிரல் கோணல். பாவம், கோவில்பட்டியிலிருந்து ஜாதகம் பார்க்க வந்த ஒருத்தரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள்.

சீனியம்மாளும் காத்திருந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் எல்லாரையும்விட அவள்தான் அதிகமாகக் காத்திருந்தாள். மச்சான் வந்துவிட்டால் அக்கா பேசிவிடுவாள். அவ்வளவுதான் கணக்கு. சோளம் இடுப்பளவு வந்தது, ஆளுயரம் போனது, தலையை விரித்துக்கொண்டு கதிர் தள்ளியது. அக்கா தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து சாலின் மேற்குத் தலைப்பில் நின்றாள். தங்கச்சி கிழக்குத் தலைப்பில் நின்று குருவி விரட்டினாள். நடுவில் நாலுவழிச் சாலை. ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வரவில்லை.

தை பிறந்து, கதிர் முற்றி, மணி கறுத்தது. அறுப்புக்கு ஒரு காலையைக் குறித்தார் கோட்டைச்சாமி. அன்றைக்கு ஊரில் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் ரோட்டில் இருந்தார்கள். பஸ்கள் வந்தன, போயின. காலை இளவெயில் சுள்ளென்று ஏறியது. யாரும் வரவில்லை. சாலையின் இரண்டு கோடியையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. கடைசியில் ஒருத்தர் செருமினார், ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். வெயிலுகந்தாள் மட்டும் அசையாமல் நின்றாள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "வரவேண்டியவுகதான். கதிர் முத்துற நேரத்துல தங்கச்சிக்காரி குருவி வெரட்டுறேன்னு கூடவே நின்னாள்ல. அவ நெழலு பட்டிருக்கும்."

"ஆமா, நானும் பாத்தேன்" என்றது இன்னொரு குரல். முளைப்பாரிக் கிண்ணத்தோடு வந்தவள் குரல்தான் அது.

 மறுபடியுமா? எல்லாத் தலைகளும், அன்றைக்குத் திரும்பியது போலவே, சீனியம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. ஓடிவிடலாம் என்று நினைத்தாள். மேற்குத் தலைப்பிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். கையில் பன்னரிவாள். கூட்டம் ஒதுங்கியது. தினகர், "அம்மா, அம்மா" என்று முனகியபடி இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டான். வெயிலுகந்தாள் சோளத்தை ஒட்டியே நடந்து, தாரைக் கடந்து, திட்டில் ஏறி இறங்கி, தங்கச்சிக்கு எதிரே வந்து நின்று, அரிவாளைத் திருப்பிப் பிடித்து, பிடியை நீட்டினாள்.

"ஏட்டி சீனி. நீ வெதச்சது. நீயே அறு."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அவுக வரமாட்டாக. எனக்குத் தெரியும். சால் வந்தா ஆள் வராதுன்னா, சால் தப்புனா ஆள் போகவும் போகாது. இத ஒங்க வாயால சொல்ல வைக்கத்தான் பொட்டு வச்சுக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் சொல்லல. நானே சொல்லுறேன். அவுகளுக்குக் காய்ச்சல். கோயில்பட்டி ஆசுபத்திரிக்குப் போக வண்டி கட்டுங்கன்னு வீடு வீடா வந்து நின்னேனா இல்லையா? சால் தப்புன வீடு, வண்டி கட்டி என்னத்துக்குன்னு கேட்டது யாரு? சொல்லுங்க மாமா, யாரு?"

 அந்தக் காலத்தில் ஊரில் நல்ல காளை வண்டி வைத்திருந்தவர் கோட்டைச்சாமி. அவரிலிருந்து மாடக்கண்ணுவின் அப்பன் வரைக்கும் ஒவ்வொரு வாசலும், ஒவ்வொரு கையசைப்பும் அங்கே நின்றவர்களுக்கு ஞாபகம் வந்தது. யாரும் மறந்திருக்கவில்லை, பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். 

"ஒங்கள மட்டும் சொல்லக்கூடாது" என்றாள் வெயிலுகந்தாள். குரல் இப்போதுதான் உடைந்தது. "நீங்க சொன்னத நானும் நம்பி, திரும்பி வந்து அவுக தலமாட்டுல உக்காந்துட்டேன். நடந்தாவது தூக்கிட்டுப் போயிருக்கலாம். அத நெனைக்க முடியாமத்தான் எல்லாத்தையும் இவ தலையில எறக்கி வச்சேன்."

சீனியம்மாள் அரிவாளை வாங்கிக்கொண்டாள். இந்தப் பேச்சுக்காகத்தானே இத்தனை காலம் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள்? கிடைத்ததும் அக்கா காலில் விழுந்து அழுவோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது வேறு ஒன்றாக இருந்தது.

"ஒரு வார்த்த கேட்டியாக்கா? போட்டியா, போடலியான்னு ஒரே ஒரு வார்த்த? எம்மூஞ்சியப் பாத்து ஒரு நாளாவது கேட்டியா?"

"கேக்கல."

"எனக்கு ஆறவே ஆறாது. இப்ப நீ பேசிட்டேங்கிறதுக்காக ஆறிப்போகும்னு நெனைக்காத. நான் ஒம்மேல கோவமாத்தான் இருக்கேன். சாகுற மட்டும் இருப்பேன்."

"இரு" என்றாள் வெயிலுகந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள், குங்குமம் கன்னமெல்லாம் பூசிக்கொண்டது. குனிந்து முதல் சோளத்தட்டையை அடியில் பிடித்து, தங்கச்சி வெட்டுவதற்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தாள். "கோவத்தோடயே அறு. வெயில் ஏறுது."